வளர்ச்சி உண்டு

கீழ்ப்பாக்கம் லேபில் எனக்கு வேலை
கிருமிகளுக்குக் கடைசி மணி அடிப்பது.
தட்டுத் தட்டாய் வரும்,
யாரோ ஒருவரின் சீழ், யாரோ ஒரு குழந்தையின் தொண்டை.
பார்த்து, எண்ணி, பெயர் எழுதி முடித்ததும்
ஆட்டோகிளேவில் அடுக்குவேன்.
நூற்றிருபத்தோரு டிகிரி. பதினைந்து நிமிடம்.
குக்கருக்குப் பெரியப்பா மாதிரி
அது பெருமூச்சு விடும்போது
நான் டீ குடிக்கக் கிளம்பியிருப்பேன்.

"வளர்ச்சி இல்லை" என்று டைப் அடிக்கும் நாள்
நல்ல நாள்.
அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்த தகப்பன்
மீதிச் சில்லறையை மறந்துவிட்டுப் போவான்.

கார்த்திகை மழையில் என் ரத்தமும்
என் மேஜைக்கே வந்தது. நம்பர் நாற்பத்தேழு.
எபிநேசர்தான் போனில் சொன்னான்:
"அண்ணே, வளந்திருக்கு."
டைபாய்டு.

பத்து நாள் மருந்து. காய்ச்சல் போனது.
கூடவே வயிற்றில் குடியிருந்தவர்களும் போனார்கள்,
ஒரு மாதமும் பாக்கி வைக்காதவர்கள்,
ஒரு நாளும் கதவைத் தட்டாதவர்கள்.
எத்தனை கோடிப் பேர் என்று
எண்ணுவதைத் தொழிலாய் வைத்திருந்தும்
நான் எண்ணியதில்லை.
ரசஞ்சாதம் மூன்று வாய்.
அதற்கே இரவெல்லாம்
வியாசர்பாடி யார்டில் ஷண்டிங் நடக்கிற சத்தம் குடலில்.

டாக்டர் ஒரு பவுடர் எழுதினார்.
"மாத்திரைக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க.
தயிரும் சேத்துக்குங்க.
டைபாய்டுக்கு அது மருந்தில்ல, உங்களுக்கே தெரியும்."
தெரியும்.
ஆள் காலியான தெருவில்
தெரிந்த முகம் நாலு நடந்துபோனால் போதும்,
அவ்வளவுதான் நான் கேட்டது.

வீட்டில் தயிர் இல்லை.
புயலுக்குப் பிறகு அயனாவரத்தில் மூன்றாம் நாளாகக் கரண்ட் இல்லை.
நாறிய ஃப்ரிட்ஜை நடுங்கிக்கொண்டே நான்தான் கழுவினேன்.
பழக்க தோஷம்:
கொதிநீர், சோப்பு, மறுபடி கொதிநீர்.
தயிர்ச் சட்டியும் தப்பவில்லை.
ஏழு வருட உறை
ஒரே கழுவலில்.

கீழ்வீட்டுக் குமுதவல்லியோடு
ஆடி மாதத்திலிருந்து பேச்சில்லை.
மோட்டார் சுவிட்ச் விவகாரம்.
டேங்க் வழிந்தது, நான் ஒரு வார்த்தை சொன்னேன்,
அதை இங்கே எழுத முடியாது.

இரவு எட்டே முக்கால்.
எவர்சில்வர் டம்ளரோடு படியிறங்கினேன்.
கதவு திறந்தது. மெழுகுவத்தி, அதற்குப் பின்னால் முகம்.
"வெளக்கு வெச்ச அப்புறம்
யாராவது உறை குடுப்பாங்களா?"
நான் திரும்பிவிட்டேன்.
"நில்லுங்க."
மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள்.
"இப்ப வெளக்கு இல்ல. டம்ளர எங்க?"
இருட்டில் என் கை தேடியது, அவள் கரண்டி தேடியது.
டம்ளர் ஒரு ஸ்பூன் அளவு கனத்தது.

பால் மட்டும் எப்படியோ கிடைத்திருந்தது.
காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டில் உறை குத்தி,
மழைக்குளிருக்குப் பழைய லுங்கியால் சுற்றி
அரிசி டின் பக்கத்தில் வைத்தேன்.
வாழ்நாளில் முதல்முறை
எதையும் கொல்லாமல் ஒரு ராத்திரி காத்திருந்தேன்.

காலையில் சட்டியைச் சாய்த்தேன்.
அசையவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று
ஒரு சொட்டைச் சாயமேற்றி லென்ஸுக்குக் கீழே வைத்தேன்.
ஊதாக் குச்சிகள். ஊதா மணிகள், கோத்துக் கோத்து.
"யார் சாம்பிள்ணே?" என்றான் எபிநேசர்.
"கீழ்வீடு."
"ரிப்போர்ட்?"
"வளர்ச்சி உண்டு," என்றேன்.
அதைச் சொல்லிச் சிரித்தவன்
அந்த லேபிலேயே நானாகத்தான் இருப்பேன்.

மோட்டார் சண்டை தீரவில்லை.
நேற்றும் டேங்க் வழிந்தது, நேற்றும் கத்தினேன்.
சாயங்காலம் கதவைத் திறந்தால்
வாசற்படியில் ஒரு டம்ளர்,
கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.
யாரும் இல்லை.
விளக்கு வைக்க இன்னும் கால் மணி இருந்தது.